மலைக்குள் எத்தனை அடி தண்ணீர்?

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு டேம் பேச்சுதான். பாபநாசம் 143 அடியில் இன்றைக்கு எவ்வளவு, சேர்வலாறு 156-ல் எவ்வளவு, மணிமுத்தாறு இந்த வருஷமாவது 118-ஐத் தொடுமா என்று டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்குமா என்கிற கவலை, நியாயமான கவலை. ஆனால் அந்த டேம்களுக்குப் பின்னால் நிற்கிற மலைக்குள்ளேயும் அதே நாட்களில் ஒரு நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும். அதை எந்தப் பேப்பரும் போடுவதில்லை. நான் ரோடு வேலை பார்க்கிறவன், மலை ரோடுகளில் வெட்டு, தடுப்புச் சுவர், வடிகால் என்று பொழுது போகிறவன் என்பதால் எனக்குக் கவலை அந்த மட்டத்தைப் பற்றித்தான்.

ஒவ்வொரு மழைக்கும் எங்காவது பாறை உருண்டு ரோடு அடைபடும். கேட்டால், "மழை பெஞ்சு கல்லு வழுக்கிட்டு" என்பார்கள். படித்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், தண்ணீர் பட்டால் வழுக்கும் என்று. பாதி சரி. தண்ணீர் எண்ணெய் மாதிரி வேலை செய்வதில்லை, சுத்தமான சொரசொரப்பான கருங்கல் நனைந்தால் அப்படியொன்றும் வழுக்கிவிடாது, நம்பிக்கை இல்லாவிட்டால் ஆற்றங்கரையில் பாசி பிடிக்காத கல்லில் நனைந்த காலோடு நின்று பாருங்கள். தண்ணீர் செய்வது வேறு வேலை. தள்ளுகிறது, தூக்குகிறது. அதற்கும் முன்னால், பல ஆயிரம் வருஷமாக உட்கார்ந்து பாறையை மண்ணாக்கிக்கொண்டு இருக்கிறது.

முதலில் பாறையின் பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மேற்கு மலையில் இருப்பது பெரும்பாலும் சார்னோக்கைட் என்கிற கருநீலக் கருங்கல்லும், வரிவரியாக இருக்கிற நைஸ் பாறையும். பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவான கல். வெட்டுப்படாத நல்ல துண்டு ஒன்றை எடுத்து அமுக்கினால், வீட்டுக்கு ஊற்றுகிற எம்20 கான்கிரீட்டை விட ஐந்து மடங்குக்கு மேல் தாங்கும். கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கி, முடிக்காமலே விட்டுப் போனது. கரிசல் காட்டு வெயிலும் மழையும் 1,200 வருஷமாக அடிக்கிறது, மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தச் சிற்பிகள் வெடிப்பில்லாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். கல் தெரிந்தவன் முதலில் பார்ப்பது வெடிப்பைத்தான்.

ஏனென்றால் மலை ஒரே கல் இல்லை. வெடிப்புகளால் பிரிந்து கிடக்கிற துண்டுகளின் அடுக்கு. சில வெடிப்புகள் பூமி நெரித்ததில் வந்தவை. சில, மேலே இருந்த சுமை கரைந்து போனதில் வந்தவை: ஆழத்தில் அமுங்கிக் கிடந்த பாறை, மேல் பாரம் போனதும் விரிந்து, மலைச்சரிவுக்கு இணையாகத் தகடு தகடாகப் பிரியும். இந்த இரண்டாவது வகைதான் ரோடு போடுகிறவனுக்கு வில்லங்கம். தகடு சரிகிற திசையும் மலை சரிகிற திசையும் ஒன்று. நாம் போய் ரோட்டுக்காக அடிவாரத்தை வெட்டினால், தகட்டின் கால் அறுந்துபோகிறது. மேலே இருக்கிறது வெறும் உராய்வில்தான் நிற்கிறது.

சரி, இப்போது தண்ணீருக்கு வருவோம்.

சரிவின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு வெடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 10 மீட்டர், அகலம் 2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு 10 ரூபாய் நாணயத்தின் தடிமன். அதில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், நிரம்புவதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 20 லிட்டர். கடையில் வாங்குகிற ஒரு வாட்டர் கேன். அந்த ஒரு கேன் தண்ணீர் பாறையை எவ்வளவு தள்ளும் தெரியுமா? அடியில் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம், மேலிருந்து கீழ் வரை கூட்டினால் 50 டன். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததே இல்லை. அணைக்குப் பின்னால் பத்து மைலுக்குத் தண்ணீர் நின்றாலும், மயிரிழை இடுக்கில் நின்றாலும், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான், பரீட்சை எழுதி மறந்ததுதான்.

இன்னொரு விஷயம், வெடிப்பு பாதி நிரம்பினால் தள்ளுவிசை பாதி வராது, கால்வாசிதான் வரும். 5 மீட்டருக்கு பன்னிரண்டரை டன், 10 மீட்டருக்கு 50. அதாவது கடைசிப் பாதி நிரம்பும்போதுதான் முக்கால்வாசி விசையும் வந்து சேர்கிறது. அதனால்தான் ஒரு பாறை பல மழையைப் பார்த்தும் அசையாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் இரவில் வந்து விழுகிறது. "போன வருஷம் இதைவிடப் பெரிய மழை, அப்பவே ஒண்ணும் ஆகலை" என்று சொல்கிறவர்கள் மழையை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது உள்ளே எத்தனை மீட்டர் நிரம்பியது என்பதை.

பின்னாலிருந்து தள்ளுவது போதாதென்று, அதே தண்ணீர் பாறைக்கு அடியில் இருக்கிற இடுக்கிலும் புகுந்து மேலே தூக்குகிறது. பாறையின் எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிற உராய்வுக்கு ஆதாரம். தூக்கினால் அந்த எடையில் ஒரு பங்கு இல்லாமல் போகிறது, உராய்வும் அந்த அளவுக்குக் குறைகிறது. மண்ணுக்கு இதை 1920களில் கணக்காகச் சொன்னவர் டெர்சாகி என்கிற எஞ்சினியர், சிவில் படித்தவர்கள் யாரும் அவரிடமிருந்து தப்பியிருக்க முடியாது. பாறைக்கு இதன் விலை என்ன என்று உலகம் பார்த்தது பிரான்சில், 1959 டிசம்பரில். மால்பசே அணை, மெல்லிய கான்கிரீட் வளைவு. இடது கரையில் இருந்த நைஸ் பாறைக்குள் தண்ணீரின் அழுத்தம் ஏறி, அணை தாங்கியிருந்த பாறையே பெயர்ந்து போனது. 400 பேருக்கு மேல் செத்தார்கள். அணை கட்டின கான்கிரீட்டில் கோளாறு இல்லை. பாறைக்குள் நின்ற தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வர வேண்டும். வெடிப்பில் தண்ணீர் மேலே புகுந்தால் கீழே வழிந்து ஓடிவிடாதா? ஓடிவிடும், வழி இருந்தால். மலை முழுக்க ஊற்றுகள் அப்படித்தான் வருகின்றன. வழி எப்படி அடைபடுகிறது என்பதில்தான் பாறை சிதைகிற கதை வருகிறது.

குளிர் நாட்டு ஆட்கள் எழுதின பாடப் புத்தகத்தில், தண்ணீர் வெடிப்பில் உறைந்து 9 சதவீதம் பெருத்துப் பாறையைப் பிளக்கும் என்று இருக்கும். அம்பாசமுத்திரத்தில் எங்கே போய் உறைய. நமக்கு நடப்பது சமையல் மாதிரி மெதுவான ரசாயன வேலை. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அழுகுகிற இலைதழையின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது வெடிப்பு வழியே இறங்கி இரண்டு பக்கமும் தின்கிறது. கல்லில் வெள்ளையாகத் தெரிகிற ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமம் களிமண்ணாக மாறுகிறது. கருப்பாக இருக்கிற இரும்புச் சத்துள்ள கனிமங்கள் துருப்பிடித்துச் செம்மண் நிறமாகின்றன. குவார்ட்ஸ் மட்டும் அசையாது, அது மணலாக உதிர்ந்து ஆற்றோடு போகிறது. தாமிரபரணியில் லாரி லாரியாக அள்ளின மணல் எல்லாம் இப்படி மலை உதிர்ந்து வந்ததுதான். மணலுக்கு இருக்கிற மவுசு களிமண்ணுக்கு இல்லாததால், அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பகுதி வயலுக்கும் குளத்துக்கும் வந்தது. ஒரு பகுதி வெடிப்புக்குள்ளேயே தங்கிவிட்டது.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறுகிற ரோட்டில் ஒரு வெட்டைச் சாவகாசமாகப் பார்த்திருக்கிறேன். ஆளுயரத்துக்கு மேலே கருநீலப் பாறை, சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். அதன் நடுவில் சாய்வாக ஒரு பழுப்பு வரி, இரண்டு விரல் தடிமன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வரியின் இரு ஓரமும் துரு நிறம், ஓரத்துக் கல்லைக் கட்டை விரலால் அழுத்தினாலே உதிர்கிறது, வெள்ளைத் துகள் விரலில் ஒட்டுகிறது. நடுவில் இருந்தது சுத்தக் களிமண், ஈரமாக, உருட்டினால் திரி திரியாக உருண்டு வருகிறது. அந்த இடத்தில் சுத்தியல் பட்டால் தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் களிமண்ணால் இரட்டைக் கேடு. ஒன்று, கல்லும் கல்லும் நேராக உரசினால் சுமார் 35 பாகைச் சரிவு வரை பிடித்து நிற்கும், நடுவில் களி வந்துவிட்டால் 20 பாகையிலேயே கூட நழுவத் தொடங்கலாம். அதைவிடப் பெரியது இரண்டாவது: களி தண்ணீரை விடாது. கீழ்வாயை அது அடைத்துக்கொள்ள, மேல்வாய் திறந்து கிடக்க, ஷட்டர் இல்லாத டேம் ஒன்று பாறைக்குள் தயார்.

கல் உடைக்கிற வேலையில் நரைத்த ஒரு அண்ணாச்சி எனக்குப் பழக்கம். பாறை முகத்தில் கசிவைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன்.

"எய்யா, தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்ல. கலங்கல் வந்தா சாமானத் தூக்கிட்டு எறங்கிரு."

"மழை நாள்ல ஒண்ணுமே வரலேன்னா அண்ணாச்சி?"

"அதுக்குக் கீழ நிக்கவே நிக்காத, பாத்துக்கோ."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் புரொபசரும் சொல்லிக் கேட்டதில்லை. தெளிந்த கசிவு என்றால் மலை தன் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. கலங்கல் என்றால் வெடிப்பில் இருக்கிற களி கரைந்து வருகிறது, உள்ளே ஏதோ இளகுகிறது. வழக்கமாக மழைக்குச் சொட்டுகிற இடம் இந்த மழைக்குக் காய்ந்து கிடந்தால், எங்கேயோ அடைத்துவிட்டது.

இன்னொன்றும் அவர் சொன்னார், மழை விட்ட பிறகுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று. உண்மை. இடுக்குகளில் தண்ணீர் ஊறி இறங்க நேரமாகும், சில இடங்களில் மணிக்கணக்கு, சில இடங்களில் நாள்கணக்கு. ரெண்டு நாள் அடித்த மழை விட்டு, மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில் வந்ததும் ரோட்டைத் திறந்துவிடு, வண்டியை விடு என்று நாலா பக்கமும் நெருக்குவார்கள். உள்ளே மட்டம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நம் பக்கம் இன்னொரு சிக்கல், கிழக்குச் சரிவுக்கு இரண்டு பருவம். ஆனி, ஆடிச் சாரல் அதிகம் கொட்டுவதில்லை, ஆனால் நசநசவென்று பெய்து மண்ணை ஊற வைக்கிறது. அது முழுசாகக் காய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடுகிறது. அதுவும் 2023 டிசம்பர் 17, 18 மாதிரி வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. கடற்கரையில் இருக்கிற காயல்பட்டினத்திலேயே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது.

வெடிப்பு எல்லாப் பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற இடத்தில் சிதைவும் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே போகும். மூலைகள் முதலில் போய்விடும், நடுவில் உருண்டையாக நல்ல கல் மிஞ்சும், சுற்றிலும் இளகின மண். அப்புறம் மழை அந்த மண்ணைக் கழுவிக் கழுவி எடுக்க, யானை யானையாக உருண்டைப் பாறைகள் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும். யாரோ உருட்டி வைத்த மாதிரி இருக்கிறதே என்று போட்டோ எடுப்பார்கள். யாரும் வைக்கவில்லை, அங்கேயே முளைத்தது. கீழே இருக்கிற மண்ணை மழையோ ஜேசிபியோ எடுத்துவிட்டால் போதும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் சேர்ந்து இறங்கி, ஒரே வீட்டில் 7 பேர் போனார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 70 பேர். பெட்டிமுடி கேரளம் என்றாலும் அந்தத் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் இருந்தவர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் நம் கயத்தாறு. அந்த வாரம் கயத்தாறில் துக்கம் கேட்கப் போகாத தெரு இல்லை.

இனி வயிற்றெரிச்சல் பகுதி. பாறை சரிந்த இடத்தில் நாம் செய்வது என்ன? சுவர் கட்டுவோம். தடிமனான, பார்க்க லட்சணமான சுவர். சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று பிவிசி குழாய் வைக்கச் சொல்லி வரைபடத்தில் இருக்கும், அதுவும் வைப்பார்கள். குழாயின் பின்வாயில் ஜல்லியும் வடிகட்டித் துணியும் வைக்க வேண்டும், மண் வந்து அடைக்காமல் இருக்க. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், பின்னால் ஜல்லிக்குப் பதில் வெட்டியெடுத்த அதே களிமண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மழைக்குப் போய்ப் பார்த்தேன், ஒரு குழாயிலும் ஒரு சொட்டு இல்லை. கம்பியை விட்டுக் குத்தினால் அரை அடியில் மண். சுவர் வயிறு தள்ளி நின்றது. இன்னொரு இடத்தில் பாறை முகம் முழுக்கச் சிமெண்டைப் பீய்ச்சிப் பூசி, வடிகால் துளையே போடாமல் "பலப்படுத்தியாச்சு" என்றார்கள். முன்பாவது அங்கங்கே கசிந்துகொண்டிருந்தது. அதையும் அடைத்தாயிற்று.

செய்ய வேண்டியது அதிகச் செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. பாறை முகத்தில் கிடைமட்டமாக, உள்ளே போகப் போகக் கொஞ்சம் மேல்நோக்கி ஏறுகிற மாதிரி ஆழமாகத் துளை போட்டு, ஓட்டை போட்ட குழாயைச் செருகினால் உள்ளே நிற்கிற தண்ணீர் தானாக வடியும். மேல் விளிம்புக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் வெட்டி, மழைத்தண்ணீரை வெடிப்பில் இறங்கவிடாமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மேலே வாய் திறந்து கிடக்கிற வெடிப்பை அடைக்க வேண்டும், கீழே இருப்பதைத் திறந்துவிட வேண்டும். நாம் சரியாகத் தலைகீழாகச் செய்கிறோம். பாறை ஆணி, இரும்பு வலை எல்லாம் நல்லதுதான், வேண்டிய இடத்தில் போட வேண்டியதுதான், ஆனால் 50 டன்னை வடித்து இறக்குவதற்கும் 50 டன்னை ஆணி அடித்துப் பிடிப்பதற்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று எஸ்டிமேட் போடுகிறவர்களுக்குத் தெரியும்.

மரம் நட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மேல் மண்ணைப் பிடிக்க வேர் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்து மீட்டர் ஆழத்து வெடிப்பை எந்த வேரும் தைக்காது. வெடிப்பில் இறங்கின இச்சி, அரசு வேர்கள் பருத்துப் பாறையை நெம்பவும் செய்யும், கோவில் கோபுரத்தில் பார்க்கிறோமே.

கல்குவாரிகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே கொஞ்சம் மட்டும். 2022 மே மாதம் முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவு வேலையில் பாறை சரிந்து 6 பேர் சிக்கி, 4 பேர் செத்தார்கள். படிப்படியாக வெட்ட வேண்டும், படியின் உயரத்தை விட அகலம் குறையக் கூடாது என்பது சுரங்க விதி. நம் பக்கத்துக் குவாரிகளை எட்டிப் பார்த்தவர்களுக்கு அங்கே எத்தனை படி இருக்கிறது என்று தெரியும். வெடி வைத்தால் எடுக்கிற கல் மட்டும் உடைவதில்லை, நிற்கிற கல்லிலும் புது வெடிப்பு விழும், அடுத்த மழை அதில்தான் இறங்கும்.

குற்றாலம் சீசனுக்கோ, புளியரை வழியாகக் கேரளத்துக்கோ போகிறவர்கள் வண்டியை நிறுத்தும்போது ஒரு நிமிஷம் மேலே பாருங்கள். பாறை முகத்தில் சாய்வான பழுப்பு வரி ரோட்டை நோக்கி இறங்குகிறதா, அடியில் புதிதாக உடைந்த சில்லுக் கற்கள் கிடக்கின்றனவா, மின் கம்பமோ மரமோ சமீபத்தில் சாய்ந்த மாதிரி இருக்கிறதா, சுவர் குழாய்கள் மழை நாளிலும் காய்ந்து கிடக்கின்றனவா. இதில் ஏதாவது இரண்டு இருந்தால் அங்கே நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட வேண்டாம், வண்டியை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போங்கள், அடுத்த வளைவிலும் கடை இருக்கும்.